எத்தனை வாரச் சம்பளம்?

2004 ஏப்ரல் 29ஆம் தேதி, லான்சிங் நகரத்து ஆலையிலிருந்து கடைசி ஓல்ட்ஸ்மொபீல் கார் வெளியே வந்தது. 107 ஆண்டுகளில் மூன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட கார்களுக்குப் பிறகு அந்தப் பெயர் அன்றோடு முடிந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் நான் இரண்டு பெட்டிகளோடு அந்த ஊரில் போய் இறங்கினேன். மிச்சிகன் மாநில அரசின் அலுவலகம் ஒன்றில் கணினி ஒப்பந்த வேலை. ஓராண்டு இருந்துவிட்டு வேறு ஊர் பார்க்கலாம் என்றுதான் போனேன். இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டன.

லான்சிங் மிச்சிகனின் தலைநகரம். பெரிய நகரம் டெட்ராய்ட்டுதான் என்பதால் பலருக்கு இது தெரியாது. 1847இல் தலைநகரை டெட்ராய்ட்டிலிருந்து காட்டு நடுவில் இருந்த இந்த இடத்துக்கு மாற்றினார்கள். இப்போது மக்கள்தொகை ஒரு லட்சத்துப் பன்னிரண்டாயிரம் சொச்சம்; 1970இல் இதைவிடச் சுமார் இருபதாயிரம் பேர் கூடுதலாக இருந்தார்கள். சட்டமன்றக் கட்டடத்தின் வெள்ளைக் குவிமாடத்திலிருந்து கிழக்கே நேர்கோடாக ஓடுகிறது மிச்சிகன் அவென்யூ. அதன் மறுமுனையில் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகம். இரண்டுக்கும் இடைப்பட்ட தெருக்களை ஈஸ்ட்சைடு என்பார்கள். நான் வாடகைக்குப் போனது அங்கேதான்.

அந்தத் தெருக்களின் வீடுகளை ஒருமுறை பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். மரச்சட்டத்தில் கட்டிய இரண்டு மாடி. முன்னால் ஒரு திண்ணை. அங்கே அதைப் போர்ச் என்கிறார்கள். கீழே நிலவறை, மேலே கூம்புக்கூரை. ஆயிரம், ஆயிரத்திருநூறு சதுர அடிக்குள் மூன்று படுக்கையறை, ஒரே குளியலறை. பெரும்பாலானவை 1910களிலும் 1920களிலும் கட்டியவை. ஓல்ட்ஸ்மொபீலின் நிறுவனர் ரான்சம் ஓல்ட்ஸ் 1897இல் இங்கே கார் கம்பெனி தொடங்கினார். சில ஆண்டுகளில் அதைவிட்டு விலகி, தன் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து ரியோ என்று இன்னொன்றையும் தொடங்கினார். அந்த ஆலைகளுக்கு ஆயிரக்கணக்கில் ஆட்கள் வந்தார்கள். வந்தவர்கள் குடியிருக்க எழுந்த வீடுகள் இவை. தொழிலாளிக்கென்றே கட்டி, தொழிலாளியின் கைக்கு எட்டிய விலையில் விற்ற வீடுகள்.

என் பக்கத்து வீட்டில் ஒரு பெரியவர் இருந்தார். ஃபிஷர் பாடி ஆலையில் கார்க்கூடு செய்யும் பிரிவில் முப்பது ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். முதல் பனிக்காலத்தில் எனக்குப் பனி தள்ளத் தெரியாமல் நான் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றபோது, தன் மண்வெட்டியோடு வந்து முழங்காலை மடக்கி எப்படித் தள்ளுவது என்று காட்டிக் கொடுத்தவர். வேனில் மாலைகளில் அவர் திண்ணையில் உட்கார்ந்து பேசுவோம். அந்த வீட்டை 1966இல் பதினோராயிரம் டாலருக்கு வாங்கியதாகச் சொன்னார். விலையைச் சொன்ன கையோடு இன்னொரு கணக்கையும் சொன்னார். அதுதான் என் மனத்தில் தங்கியது. கடன் தவணை, வரி, காப்பீடு எல்லாம் சேர்த்து மாதம் நூறு டாலருக்குள் வந்ததாம். ஒரு வாரச் சம்பளம் அதற்குப் போதும். மிச்ச மூன்று வாரச் சம்பளம் வீட்டுக்காரிக்கும் பிள்ளைகளுக்கும் கோடையில் ஏரிக்கரைக்குப் போவதற்கும்.

வீட்டின் விலையை டாலரில் அளக்கக் கூடாது, வாரச் சம்பளத்தில் அளக்க வேண்டும் என்று அவர் தத்துவமாக எதையும் சொல்லவில்லை. தன் வாழ்க்கையைச் சொன்னார். அளவுகோல் அதற்குள் இருந்தது.

எதிர்வீட்டில் ஒரு கறுப்பினக் குடும்பம். அப்பா கார் இருக்கை தைக்கும் ஆலை ஒன்றில் வேலை பார்த்தார். அம்மா பள்ளிப் பேருந்து ஓட்டினார். பத்து வயதுக்குள் ஒரு மகள். கூடவே அந்த அப்பாவின் தாயார். அந்தப் பாட்டியம்மாதான் எனக்கு லான்சிங்கின் மறுபக்கத்தைச் சொன்னவர். அவர் பிறந்து வளர்ந்தது செயின்ட் ஜோசப் தெருவை ஒட்டிய பகுதி. அந்தக் காலத்தில் கறுப்பினத்தவர் பணம் வைத்திருந்தாலும் நினைத்த தெருவில் வீடு வாங்க முடியாது. கிரயப் பத்திரத்திலேயே வெள்ளையர் தவிர மற்றவர் குடியிருக்கக் கூடாது என்று எழுதியிருப்பார்கள். 1930களில் மத்திய அரசின் கடன் நிறுவனம் லான்சிங்குக்கும் ஒரு வரைபடம் போட்டது. அதில் சிவப்பு தீட்டிய பகுதிக்குக் கடன் கிடைக்காது.

பிற்காலத்தில் மால்கம் எக்ஸ் என்று உலகம் அறிந்த மனிதரின் குடும்பத்துக்கு நடந்ததும் இந்த ஊரில்தான். 1929இல் அவருடைய தந்தை நகரின் வடமேற்கே ஒரு வீடு வாங்கினார். அந்த நிலத்தின் பத்திரத்தில் வெள்ளையருக்கு மட்டும் என்ற நிபந்தனை இருந்தது. அக்கம்பக்கத்தார் வழக்குப் போட, நீதிமன்றம் குடும்பத்தை வெளியேறச் சொன்னது. அந்த ஆண்டு நவம்பரில் ஓர் இரவு வீடு எரிந்து போனது. விலை கொடுத்து வாங்கியவனுக்கு வீடு சொந்தம் என்ற எளிய விதிகூட அன்று எல்லோருக்கும் பொதுவாக இருக்கவில்லை.

ஆகவே கறுப்பினக் குடும்பங்கள் தங்களுக்கு விட்டுவைத்த சில தெருக்களில் சிறுகச் சிறுக வீடு வாங்கின. கடைகள், தேவாலயங்கள், முடிதிருத்தகங்கள் என்று ஓர் ஊரையே எழுப்பின. 1960களில் 496ஆம் நெடுஞ்சாலை வந்தது. நகர நடுவே எந்த வழியாக வெட்டலாம் என்று பார்த்தபோது அந்தத் தெருக்களே அகப்பட்டன. நூற்றுக்கணக்கான வீடுகள் இடிந்தன. பாட்டியம்மாவின் பெற்றோர் கடனில்லாமல் வைத்திருந்த வீடும் அதில் போயிற்று. அரசு கொடுத்த இழப்பீட்டில் இன்னொரு வீட்டுக்கு முன்பணம் கட்ட முடிந்ததே தவிர, முழு வீடு வாங்க முடியவில்லை. ஐம்பது வயதுக்கு மேல் அவருடைய தந்தை மறுபடி கடன்காரர் ஆனார். வீட்டு விற்பனையில் இனம் பார்ப்பதைத் தடுக்கும் சட்டம் 1968இல் வந்தது. அதற்குள் அந்தத் தெருக்களே போய்விட்டன. ரான்சம் ஓல்ட்ஸின் மாளிகையும் அதே சாலைக்காக இடிபட்டது. ஆனால் சாலைக்கு அவர் பெயரை வைத்தார்கள்; இன்றும் அது ஓல்ட்ஸ் நெடுஞ்சாலைதான். இடிந்த மற்ற வீட்டுக்காரர்களின் பெயர்களைப் பாட்டியம்மா விரல்விட்டுச் சொல்வார். இந்தக் கை, அந்தக் கை என்று மாறி மாறி எண்ணுவார்.

அந்தப் பேச்செல்லாம் 2005, 2006. பிறகு வந்தது 2008இன் பொருளாதார நெருக்கடி.

2009 ஜூன் முதல் தேதி ஜெனரல் மோட்டார்ஸ் திவால் மனுப் போட்டது. அந்த ஆண்டு மிச்சிகனில் வேலையில்லாதோர் விகிதம் 14 சதவீதத்தைத் தாண்டியது. எதிர்வீட்டு அப்பா வேலை பார்த்த இருக்கை ஆலை அதற்கு முன்பே பூட்டிவிட்டது. அவர் 2003இல் எண்பத்தைந்தாயிரம் டாலருக்கு அந்த வீட்டை வாங்கியிருந்தார். முதல் சில ஆண்டுகள் வட்டி குறைவாகவும் பிறகு ஏறுவதாகவும் எழுதிய கடன். வேலை இருந்த வரை தவணை தவறியதில்லை. வேலை போன ஐந்தாவது மாதம் கதவில் ஒரு தாள் ஒட்டினார்கள்.

மிச்சிகனில் வீடு ஏலத்துக்குப் போவதற்கு நீதிபதி முன் வழக்கு நடந்தாக வேண்டும் என்பதில்லை. நான்கு வாரம் பத்திரிகையில் அறிவிப்புப் போட்டு, வீட்டுக் கதவிலும் ஒட்டிவிட்டால் போதும். ஷெரிஃப் ஏலம் விடலாம். அதன் பிறகு பெரும்பாலும் ஆறு மாத அவகாசம். அதற்குள் ஏலத்தொகையைக் கட்டினால் வீடு திரும்பக் கிடைக்கும். எதிர்வீட்டுக்காரருக்கு எங்கிருந்து கிடைக்கும்? ஆறு மாதமும் அவர் வீட்டைப் பெருக்கி, புல் வெட்டி, திண்ணைக்கு வண்ணம்கூட அடித்தார். போகும்போது சாவியைச் சமையல் மேடைமீது வைத்துவிட்டுப் போனார். அந்தச் சிறுமி தன் சைக்கிளை என் வீட்டு நிலவறையில் வைத்துவிட்டு, அப்புறம் வந்து எடுத்துக்கொள்வதாகச் சொன்னாள். போன இடத்து வாடகை வீட்டில் அதை வைக்க இடமில்லை.

அந்தக் குளிர்காலம் வீடு காலியாகக் கிடந்தது. பூஜ்யத்துக்குக் கீழே பதினைந்து, இருபது டிகிரி போகிற ஊரில் சூடேற்றாத வீடு ஒரு மாதம் தாங்காது. குழாய்க்குள் நீர் உறைந்து வெடித்தது. வசந்தத்தில் பனி உருகியபோது நிலவறையில் முழங்கால் தண்ணீர். ஒரு நாள் யாரோ உள்ளே புகுந்து செம்புக் குழாய்களை அறுத்துக்கொண்டு போனார்கள். கடைசியில் 2011இல் கைப்பணம் வைத்திருந்த ஒருவர் அந்த வீட்டைப் பதினெட்டாயிரம் டாலருக்கு வாங்கினார். எண்பத்தைந்தாயிரம் கடனைக் கட்ட முடியாமல் வெளியேறியவருக்குப் பதினெட்டாயிரம் கடனை நிச்சயம் கட்ட முடிந்திருக்கும். அந்த விலைக்கு அவரிடம் விற்க யாரும் முன்வரவில்லை. அவருக்குக் கடன் தரவும் யாரும் இல்லை.

லான்சிங்கில் வீடு அவ்வளவு மலிவாக இருந்த காலம் அதற்கு முன்பும் பின்பும் நான் பார்த்ததில்லை. முப்பதாயிரத்துக்கு வீடு, நாற்பதாயிரத்துக்கு வீடு என்று தெருவுக்கு நான்கு பலகை தொங்கியது. வாங்குவதற்குத்தான் ஊரில் ஆள் இல்லை. வீடு மலிவானதும் வேலை போனதும் ஒரே காரணத்தால் என்பதால் இரண்டும் சேர்ந்தே வந்தன.

நான் வாங்கினேன். 2010இல், இரண்டு தெரு தள்ளி, 1924இல் கட்டிய ஒரு வீடு. விலை முப்பத்தெட்டாயிரம். என் அரசு ஒப்பந்த வேலை தப்பியிருந்தது. இதை நான் பெருமையாகச் சொல்லவில்லை. ஒரு குடும்பம் இழந்த வீட்டில்தான் என் குடும்பம் வளர்ந்தது. சுவரில் அந்தப் பிள்ளைகளின் உயரத்தைக் குறித்த பென்சில் கோடுகள் இருந்தன. நாங்கள் வண்ணம் அடித்தபோது அந்த ஒரு பட்டையை மட்டும் விட்டுவிட்டோம். இன்னும் இருக்கிறது.

மலிவு வீட்டின் கணக்கை அந்த வீடுதான் எனக்குக் கற்றுக் கொடுத்தது. முதல் பாடம் கடன். இரண்டு வங்கிகள் எனக்குக் கடன் மறுத்தன. என் சம்பளத்தில் குறையில்லை. கேட்ட தொகை சிறிது என்பதுதான் காரணம். மூன்று லட்சம் கடனுக்கும் முப்பதாயிரம் கடனுக்கும் எழுத்து வேலை ஒன்றுதான், வருமானம் ஒன்றல்ல. அதனால் மலிவு வீட்டுக்குக் கடன் கிடைப்பது விலை கூடிய வீட்டுக்குக் கிடைப்பதைவிடக் கடினம். கடைசியில் உறுப்பினர்களே நடத்தும் கூட்டுறவுக் கடன் சங்கம் ஒன்று கொடுத்தது.

இப்படிக் கடன் கிடைக்காதவர்கள் போகும் வழி லேண்ட் காண்ட்ராக்ட். மிச்சிகனில் இது மிகப் பழைய வழக்கம். விற்பவரிடமே மாதத் தவணை கட்ட வேண்டும். முழுத்தொகையும் கட்டி முடிக்கும் வரை பத்திரம் விற்பவர் பெயரில் இருக்கும். கூரையும் வரியும் சூடேற்றியும் வாங்குபவர் பொறுப்பு. நடுவில் தவறினால், கட்டியதெல்லாம் போய் வீடும் போகும். எங்கள் அலுவலகத்தைத் துப்புரவு செய்த ஒருவர் நான்கு ஆண்டுகள் அப்படிக் கட்டினார். கூரை மாற்றினார். முதுகு வலியில் சில மாதம் வேலைக்குப் போக முடியவில்லை. புதுக் கூரையோடு வீடு விற்றவரிடமே திரும்பிப் போயிற்று.

அடுத்த பாடம் வீட்டின் உடம்பு. 1978க்கு முன் கட்டிய வீட்டில் ஈயம் கலந்த வண்ணம் இருக்கக்கூடும் என்று விற்பவர் எழுதிக் கொடுத்தாக வேண்டும். குழந்தை வைத்திருந்த நாங்கள் சன்னல் சட்டங்களை மாற்றினோம். பீங்கான் குமிழ்களில் இழுத்துக் கட்டிய நூறாண்டுப் பழைய மின்கம்பியைக் கண்டு காப்பீட்டு நிறுவனம் கைவிரித்தது, அதையும் மாற்றினோம். நிலவறை நீரை இறைக்கும் சம்ப் பம்ப், பிறகு சூடேற்றி, பிறகு கூரை. ஐந்தாண்டில் வீட்டின் விலை அளவுக்குப் பழுதுக்கும் செலவாகியிருந்தது. எனக்கு மாதச் சம்பளம் வந்ததால் தாங்கியது.

இன்னொரு பாடம் தண்ணீர். கிழக்குப் பகுதியின் தெற்கு ஓரத்தில், ரெட் சீடார் ஆற்றை ஒட்டி அர்பன்டேல் என்று ஒரு குடியிருப்பு. ஊரிலேயே மலிவான வீடுகள் அங்கேதான். நானும் போய்ப் பார்த்தேன். 1975 வெள்ளத்தை நேரில் கண்டவர்கள் இருந்த தெரு. வெள்ளச் சமவெளி என்பதால் கடன் வாங்கினால் வெள்ளக் காப்பீடு கட்டாயம். எனக்குச் சொன்ன பிரிமியம் ஆண்டுக்கு ஆயிரம் டாலருக்கு மேல். இருபத்தைந்தாயிரம் டாலர் வீட்டுக்கு அந்தச் செலவு என்றால், மலிவு எங்கே இருக்கிறது? பின்னர் 2018 பிப்ரவரியிலும் அங்கே ஆறு ஏறியது.

நல்லதையும் சொல்ல வேண்டும். இங்கம் மாவட்டம் 2005இல் ஒரு நில வங்கி அமைத்தது. வரி கட்டாமல் மாவட்டத்தின் கைக்கு வந்த வீடுகளை எடுத்து, தேறாததை இடித்து, தேறுவதைச் செப்பனிட்டு, குடியிருக்க வருபவர்களுக்கு விற்றது. அர்பன்டேலில் இடித்த மனைகள் சில இன்று காய்கறித் தோட்டங்கள். ஊருக்கே சொந்தமான மின்சார, குடிநீர் வாரியம் பூமிக்கடியில் இருந்த பன்னிரண்டாயிரம் ஈயக் குழாய்களையும் மாற்றி 2016இல் வேலையை முடித்தது. ஒரு மணி நேரப் பயணத்தில் இருக்கும் ஃபிளின்ட் நகரம் ஈயம் கலந்த தண்ணீரால் தவித்த அதே காலம் அது. ஏழை வீட்டுக் குழாயை வீட்டுக்காரர் தலையில் போடாமல் பொது நிறுவனமே மாற்றியது. மலிவு வீட்டுக்கு ஓர் ஊர் செய்யக்கூடிய உதவி எப்படி இருக்கும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

இனி இன்றைய கதை.

2022இல் பக்கத்து வீட்டுப் பெரியவர் காலமானார். ஐம்பத்தாறு ஆண்டுகள் அதே வீடு. நான் தெரு மாறி வந்த பிறகும் பனி விழுந்தால் அவர் வாசலுக்குப் போய்த் தள்ளிவிட்டு வருவேன். அவர் எனக்குச் சொல்லிக் கொடுத்தபடி, முழங்காலை மடக்கி. வெளியூரில் இருந்த மகள் வீட்டை விற்பனைக்குப் போட்டபோது நான்கு நாளில் பதினோரு பேர் விலை கேட்டார்கள்.

அந்தப் பதினோரு பேரில் ஒருத்தி எதிர்வீட்டுச் சிறுமி. அப்போது இருபத்தாறு வயது. மருத்துவமனையில் நர்ஸ் உதவியாளர். நோயாளிகளைத் திருப்பிப் படுக்க வைப்பது, குளிப்பாட்டுவது, படுக்கை மாற்றுவது அவள் வேலை. மணிக்குப் பத்தொன்பது டாலர். பாட்டியம்மா இன்னும் இருக்கிறார். அவருக்குப் படியேறாத ஒரு படுக்கையறை வேண்டும். வீடு வாங்கிய அனுபவம் உள்ள ஆள் என்று என்னைத் தேடி வந்தாள். அந்தச் சைக்கிள் அப்போதும் என்னிடம் இருந்தது. வீடு மாறும்போது அதையும் கொண்டுவந்திருந்தேன்.

பெரியவரின் வீடு அவளுக்குக் கிடைக்கவில்லை. கடன் இல்லாமல் முழுத்தொகையும் ரொக்கமாகத் தருகிறேன், வீட்டைச் சோதித்துப் பார்க்கவும் வேண்டாம் என்று ஒருவர் சொன்னார். வங்கிக் கடனோடு வருபவருக்குச் சோதனையைக் கைவிடுவது ஆபத்து. நூறாண்டு வீட்டில் அது தற்கொலை. அடுத்து இரண்டு வீடுகளிலும் அதே கதை. அவள் வளர்ந்த எதிர்வீட்டையும் விசாரித்தாள். பதினெட்டாயிரத்துக்குப் போன அந்த வீடு இரண்டு கை மாறி, வேறு மாநிலத்து நிறுவனம் ஒன்றிடம் இருந்தது. விற்பனைக்கு இல்லை. வாடகைக்கு இருந்தது: மாதம் 1,450 டாலர். அவளுடைய அப்பா கட்ட முடியாமல் போன தவணையைப் போல இரண்டு மடங்கு.

2024 பிப்ரவரியில் நகரின் தென்பகுதியில், 1954இல் கட்டிய தொள்ளாயிரம் சதுர அடி வீடு ஒன்று அமைந்தது. ஒரே தளம். விலை 1,38,000. பத்திரம் எழுதுவதற்கு முந்தைய வாரம் நாங்கள் இருவரும் என் சமையலறை மேசையில் உட்கார்ந்து கணக்குப் போட்டோம்.

மத்திய அரசு காப்புறுதி தரும் எஃப்.எச்.ஏ. கடனுக்கு 3.5 சதவீத முன்பணம் போதும். அதையும் பதிவுச் செலவையும் கட்ட மாநில வீட்டுவசதி ஆணையம் பத்தாயிரம் டாலர் வரை வட்டியில்லாமல் தருகிறது. வீட்டை விற்கும்போதோ கடனை மாற்றும்போதோ திருப்பினால் போதும். அதற்கான வகுப்பில் இரவு வேலை முடித்துவந்து உட்கார்ந்து சான்றிதழ் வாங்கினாள். வட்டி 7 சதவீதம். அசலும் வட்டியுமாக மாதம் தொள்ளாயிரம். 2021 ஜனவரியில் முப்பதாண்டுக் கடன் வட்டி சராசரியாக 2.65 சதவீதம் வரை இறங்கியிருந்தது. அந்த வட்டியில் இதே கடனுக்குத் தவணை 550கூட வராது. வீடு அதேதான், ஆளும் அதேதான். மூன்று ஆண்டு இடைவெளிக்கு மாதம் 350 டாலர்.

பிறகு வரி. மிச்சிகன் மக்கள் 1994இல் வாக்களித்து ஏற்ற பிரேரணை ‘ஏ’ என்ற சட்டம் வீட்டுக்காரர்களைக் காக்கிறது. ஒருவர் வீட்டில் தொடர்ந்து இருக்கும்வரை வரிக்குரிய மதிப்பு ஆண்டுக்குப் பணவீக்க அளவோ 5 சதவீதமோ, எது குறைவோ அதற்குமேல் ஏறக் கூடாது. வீடு கைமாறினால் அடுத்த ஆண்டே அந்தக் கடிவாளம் அவிழ்ந்து, சந்தை விலையில் பாதி என்று மதிப்பு தாவும். விற்ற முதியவர் ஆண்டுக்கு 1,500 டாலர் வரி கட்டினார். விளம்பரத்திலும் அந்தத் தொகைதான் இருந்தது. அவளுக்கு மறு ஆண்டு மூவாயிரத்தைத் தாண்டியது. இதை முன்பே கணக்கில் சேர்க்கச் சொல்லாமல் விட்டிருந்தால் அந்த வீடு இரண்டாம் ஆண்டிலேயே அவள் கழுத்தைப் பிடித்திருக்கும். முதல் வீடு வாங்கும் பலருக்கு இதை யாரும் சொல்வதில்லை.

தவணை, வரி, வீட்டுக் காப்பீடு, கடன் காப்பீடு எல்லாம் சேர்த்து மாதம் சுமார் 1,320. பிடித்தங்கள் போக அவள் கைக்கு வருவது வாரம் 620. இரண்டு வாரச் சம்பளம் போதவில்லை.

1966இல் பெரியவருக்கு ஒரு வாரம். 2024இல் அவளுக்கு இரண்டு வாரமும் கொஞ்சமும். இடையில் 2009இல் வீடு அரை வாரக் கூலிக்கு விலைபோனது, கூலிதான் இல்லை. அறுபது ஆண்டு வரலாற்றை நான் இப்படித்தான் புரிந்துகொண்டேன்.

இன்று நாட்டின் பிற பகுதிகளிலிருந்து பார்ப்பவர்களுக்கு லான்சிங் மலிவு ஊர். அமெரிக்காவில் விற்கும் வீடுகளின் நடுத்தர விலை நான்கு லட்சம் டாலரைத் தொட்டுவிட்டது. லான்சிங்கில் ஒன்றரை லட்சத்தை ஒட்டியே நல்ல வீடு கிடைக்கிறது. கலிபோர்னியாவில் சம்பளம் வாங்கிக்கொண்டு வீட்டிலிருந்தே வேலை செய்பவருக்கு இது மலிவேதான். அவர்மீது எனக்குக் கோபம் இல்லை. நானும் ஒருநாள் வெளியிலிருந்து வந்தவன். ஆனால் இந்த ஊரில் நோயாளியின் படுக்கையை மாற்றுகிறவளுக்கும் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவருக்கும் இது மலிவு இல்லை. விலைப் பட்டியலில் இந்த வேறுபாடு தெரியாது.

அவள் வாங்கிவிட்டாள். நான் அதில் மகிழ்கிறேன். பாட்டியம்மா தரைத்தள அறையில் சன்னலோரம் உட்கார்ந்திருக்கிறார். அவருடைய பெற்றோர் வீட்டைச் சாலை எடுத்தது, மகன் வீட்டை வங்கி எடுத்தது. பேத்தி வீட்டை யாரும் எடுக்காமல் இருக்க வேண்டுமானால், அவள் சம்பளம் உயர வேண்டும், அந்தச் சூடேற்றி இன்னும் ஐந்தாண்டு உழைக்க வேண்டும், அவள் முதுகு நலமாக இருக்க வேண்டும். மூன்றில் ஒன்று தவறினாலும் தாங்கும்படி இருப்பதைத்தான் நான் மலிவு வீடு என்பேன். பெரியவரின் வீடு அப்படி இருந்தது. இது இன்னும் அப்படி இல்லை.

இதைப் படிக்கும் நீங்கள் எந்த ஊரில் வீடு தேடினாலும் சரி, உங்கள் ஊரில் மலிவு வீடு என்று யார் அறிவித்தாலும் சரி, விலையைக் கேட்டதோடு நின்றுவிடாதீர்கள். அந்த ஊர் மருத்துவமனையில் படுக்கை மாற்றுகிறவருக்கு அந்த வீட்டின் மாதச் செலவு எத்தனை வாரச் சம்பளம் என்று கேளுங்கள். ஒன்று என்று பதில் வந்தால் அது மலிவு வீடு. இரண்டுக்கு மேல் என்றால், பலகையில் என்ன எழுதியிருந்தாலும், அது மலிவு வீடு அல்ல.